மடல்காட்டி சொல்லும் எண்கள்

தில்லியிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ சென்னைக்குப் புறப்படும் விமானத்தில், இறக்கைக்குச் சற்றுப் பின்னே சாளரத்தை ஒட்டிய இருக்கை கிடைத்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். விமானம் ஓடுபாதையை நோக்கி மெல்ல ஊர்ந்து செல்லும். அப்போது காலடியில் எங்கோ மோட்டார் சுழல்வது போன்ற ஓசை எழும். இறக்கையின் பின்விளிம்பிலிருந்து அகன்ற தகடு ஒன்று பின்னோக்கி நகர்ந்து, சற்றே கீழே சாய்ந்து நிற்கும். வானில் ஏறிய சில நிமிடங்களில் அது மீண்டும் உள்ளே சென்றுவிடும். தரையிறங்கும் வேளையில் அதே தகடு முன்னிலும் நீண்டு, முன்னிலும் தாழ்ந்து, இறக்கையே உருமாறியது போலத் தோன்றும்.

இத்தகட்டை விமானத் துறையினர் ‘ஃபிளாப்’ என்பர். தமிழில் ‘மடல்’ என்னும் சொல் இதற்கு நன்கு பொருந்தும். தென்னை மடல், தாழை மடல், காது மடல் என, ஒன்றோடு ஒட்டியிருந்து அகன்று விரியும் பகுதியைத் தமிழர் மடல் என்றே வழங்கி வருகின்றனர். இறக்கையின் பின்விளிம்பில் இருப்பது பின்மடல். முன்விளிம்பில் இருப்பது முன்மடல். முன்மடல்களுள் பெரும்பாலானவற்றை விமானிகள் ‘ஸ்லாட்’ என்று அழைக்கின்றனர். இறக்கைக்கு மேலே செங்குத்தாக எழுந்து நிற்கும் தகடுகளையும் தரையிறங்கியவுடன் காணலாம். அவை மடல்கள் அல்ல. விமானத்தின் எடையைச் சக்கரங்களின் மேல் அழுத்தி, வேகத்தைக் குறைக்க உதவும் வேறு உறுப்புகள். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது.

மடல் எதற்கு? மாடிச் சுவரில் வந்து இறங்கும் புறாவைக் கவனித்தால் விடை பாதி கிடைத்துவிடும். விரைந்து பறக்கும்போது புறா சிறகுகளை ஒடுக்கி வைத்துக்கொள்கிறது. இறங்கும் நொடியிலோ சிறகுகளை அகல விரித்து, வளைத்து, வாலையும் விசிறி போல் பரப்புகிறது. சிறகின் முன்விளிம்பில், கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில், சிறு இறகுக் கற்றை ஒன்று எழுந்து நிற்பதையும் கூர்ந்து நோக்கினால் காணலாம். அதுவே பறவையின் முன்மடல். வேகம் குறையும்போது இறக்கையைத் தாங்கும் காற்றின் தூக்குவிசையும் குறைகிறது. குறைந்த வேகத்திலும் அதே எடையைத் தாங்க வேண்டுமானால், இறக்கை பெரிதாக வேண்டும். வளைவும் கூட வேண்டும். பறவை தசையால் செய்வதை விமானம் மடல்களால் செய்கிறது.

நம் நாட்டில் மிகுதியாகப் பறக்கும் விமான வகைகளுள் ஒன்றான போயிங் 737-800 நடுவானில் மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் செல்கிறது. ஓடுபாதையைத் தொடும்போது அதன் வேகம் சுமார் 140 நாட் அளவில் இருக்கும். நாட் என்பது கப்பலுக்கும் விமானத்துக்கும் உரிய வேக அலகு; ஒரு நாட் மணிக்கு 1.852 கிலோமீட்டருக்குச் சமம். ஆகவே 140 நாட் என்பது ஏறத்தாழ 260 கிலோமீட்டர். மடல்களை விரிக்காமல் இவ்வளவு மெதுவாகப் பறக்க முயன்றால், அவ்விமானத்தின் இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும். மடலின் தேவையை உணர இந்த ஓர் உண்மையே போதும்.

இனி விமானி அறைக்குள் செல்வோம். இரு விமானிகளின் இருக்கைகளுக்கு நடுவே, இயந்திர விசைப்பிடிகளின் அருகில், மடலுக்குரிய கைப்பிடி இருக்கிறது. போயிங் 737 விமானத்தில் அதன் ஓரமாக ‘அப்’ என்னும் சொல்லும், 1, 2, 5, 10, 15, 25, 30, 40 என்னும் எண்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ‘அப்’ என்றால் மடல்கள் முற்றிலும் உள்ளே மடங்கியிருக்கும் நிலை. ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். கைப்பிடியை மேலே தூக்கி நகர்த்தி, வேண்டிய காடியில் அமர்த்தினால்தான் அது நிலைகொள்ளும். தெரியாமல் கை பட்டு நகர்ந்துவிடக் கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு. போதாக்குறைக்கு, 1, 15 ஆகிய இரு நிலைகளில் தனித் தடைகளும் உண்டு. தரையிறங்க வந்த விமானம் இறங்காமல் மீண்டும் மேலெழ நேர்ந்தால், மடல்களைப் பாதியளவே மடக்க வேண்டும். அவசரத்தில் கை எல்லை கடந்து போகாதவாறு அத்தடைகள் நிறுத்திவிடும். கண்ணால் பாராமலே, கை உணர்வாலேயே படிக்கத்தக்க குறிகள் இவை.

இந்த எண்கள் எதைக் குறிக்கின்றன? பின்மடல் கீழ்நோக்கிச் சாயும் கோணத்தை, பாகைக் கணக்கில் குறிக்கின்றன என்பது எளிய விடை. போயிங் விமானங்களில் எண்கள் அவ்வாறு பிறந்தவையே. எனினும் அது முழு விடை அன்று. கைப்பிடியை ‘1’ என்னும் காடியில் வைத்தால், பின்மடல் சிறிதளவே அசையும். ஆனால் அதே வேளையில் இறக்கையின் முன்விளிம்பிலுள்ள எல்லா முன்மடல்களும் வெளியே வந்துவிடும். இறக்கையின் வடிவம் பெரிதும் மாறுவது இந்த முதற்காடியில்தான். ‘ஒன்று’ என்பதால் மாற்றமும் சிறிது என்று எண்ணினால் தவறு. எண் என்பது ஒரு முழு அமைப்புக்கு இடப்பட்ட பெயர் என்று கொள்வதே நன்று.

சிறிய எண்களுக்கும் பெரிய எண்களுக்கும் வேலையிலும் வேறுபாடு உண்டு. தொடக்க நிலைகளில் மடல் பெரும்பாலும் பின்னோக்கி நகர்ந்து இறக்கையின் பரப்பைக் கூட்டுகிறது, தூக்குவிசை மிகுகிறது, காற்றின் தடைவிசை அவ்வளவாக மிகுவதில்லை. ஆகவே மேலெழும் விமானத்துக்கு அவை ஏற்றவை. 737 விமானம் பெரும்பாலும் 5 என்னும் நிலையில் மேலெழுகிறது. 30, 40 போன்ற நிலைகளில் மடல் பெரிதும் தாழ்ந்து காற்றை எதிர்க்கிறது. இறங்கும் விமானத்துக்குத் தடைவிசை நண்பன். ஏறும் விமானத்துக்கு அதுவே பகை. மேலெழுவதற்குரிய எண்ணை விமானிகள் ஒவ்வொரு பயணத்துக்கும் கணக்கிட்டே முடிவு செய்கின்றனர். ஓடுபாதையின் நீளம், விமானத்தின் எடை, அன்றைய வெப்பநிலை, அவ்விடத்தின் உயரம் ஆகியவை அக்கணக்கில் சேரும். கடல் மட்டத்திலிருந்து 3,200 மீட்டருக்கும் மேலே, காற்று அடர்த்தி குறைந்த இடத்தில் அமைந்த லே விமான நிலையத்தின் கணக்கும், கடலோரச் சென்னையின் கணக்கும் ஒன்றாக இருக்க இயலாது.

கைப்பிடியை ஒரு காடியில் வைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. கைப்பிடி ஒரு கட்டளை மட்டுமே. அக்கட்டளை நிறைவேறியதா என்பதைச் சொல்வது வேறொரு கருவி. அதுவே மடல்காட்டி.

போயிங் 737-800 விமானத்தில் மடல்காட்டி ஒரு சிறு வட்ட முகப்பு. விமானிகளுக்கு எதிரேயுள்ள பலகையில், கடிகாரம் போல அமைந்திருக்கும். கைப்பிடியின் ஓரத்தில் உள்ள அதே எண்கள் இதன் விளிம்பைச் சுற்றியும் எழுதப்பட்டிருக்கும். முதற்பார்வையில் ஒரே முள் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் முட்கள் இரண்டு. ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருப்பதால் ஒன்றாகத் தெரிகின்றன. ஒரு முள்ளில் ‘எல்’ என்னும் எழுத்தும் மற்றதில் ‘ஆர்’ என்னும் எழுத்தும் இருக்கும். முதலாவது இடப்புற இறக்கையின் மடலையும் இரண்டாவது வலப்புற இறக்கையின் மடலையும் காட்டுகின்றன. இரண்டும் பொருந்தி நிற்குமாயின் இரு இறக்கைகளும் ஒத்திருக்கின்றன என்று பொருள். கத்தரிக்கோலின் அலகுகள் போலப் பிரிந்து நின்றால், ஒரு பக்க மடல் நகர்ந்துவிட்டது, மறுபக்கம் நகரவில்லை என்று பொருள். ஒரு பக்கம் தூக்குவிசை கூடி மறுபக்கம் குறைந்தால் விமானம் உருளத் தொடங்கும். ஆகவே இவ்வேறுபாட்டை உணர்ந்தவுடன் பின்மடல்களை அப்படியே நிறுத்திவிடும் ஏற்பாடும் விமானத்தில் உண்டு. முட்கள் இரண்டாகப் பிரிவது கண்ணுக்கு மிகச் சிறிய மாற்றம். விமானிக்கோ மிகப் பெரிய செய்தி.

முன்மடல்களுக்கு முள் இல்லை, விளக்குகளே உள்ளன. அவை நகர்ந்துகொண்டிருக்கும்போது மஞ்சள் விளக்கு எரியும். உரிய இடத்தில் நின்றதும் அது அணைந்து பச்சை விளக்கு எரியும். மடல்கள் நொடிப்பொழுதில் விரிந்துவிடுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கைப்பிடி உடனே 15க்குப் போய்விடும். முட்கள் மெதுவாகவே அதைப் பின்தொடரும். சிறிது நேரம் கைப்பிடி ஓர் எண்ணையும் முள் வேறோர் எண்ணையும் காட்டுவது இயல்பு. நெடுநேரமாகியும் அவை ஒத்துவரவில்லை என்றால்தான் ஐயம் எழ வேண்டும்.

கைப்பிடியும் முள்ளும் வேண்டுமென்றே வேறுபடும் ஓர் இடமும் உண்டு. ஒவ்வொரு மடல் நிலைக்கும் ஒரு வேக எல்லை இருக்கிறது. 737-800 விமானத்தில் 5 என்னும் நிலைக்கு 250 நாட், 10க்கு 210, 30க்கு 175, 40க்கு 162. இவ்வெல்லைகளைக் குறிக்கும் சிறு அட்டவணை ஒன்று விமானியின் கண்முன்னே பலகையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எல்லையைக் கடந்தால் காற்றின் விசை மடலையும் அதைத் தாங்கும் உறுப்புகளையும் சிதைக்கக்கூடும். மழைக்காற்றில் குடையை விரித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. மடல் 40இல் இருக்கும்போது வேகம் 163 நாட் அளவைத் தாண்டினால், மடல்கள் தாமாகவே 30க்குச் சுருங்கிவிடும். வேகம் தணிந்தபின் மீண்டும் 40க்கு விரியும். இவ்வளவும் நடக்கும்போது கைப்பிடி அசைவதில்லை. அது 40 என்னும் காடியிலேயே இருக்கும். முள் மட்டும் 30க்குச் சென்று திரும்பும். கைப்பிடியை மட்டும் பார்த்த விமானிக்கு இச்செய்தி தெரியாமலே போய்விடும்.

ஏர்பஸ் ஏ320 விமானம் வேறொரு முறையைக் கையாள்கிறது. அதன் கைப்பிடியில் 0, 1, 2, 3, ‘ஃபுல்’ என்னும் ஐந்து குறிகளே உள்ளன. இவை பாகைகள் அல்ல. வெறும் வரிசை எண்கள். 2 என்னும் நிலையில் முன்மடல் 22 பாகையும் பின்மடல் 15 பாகையும் சாய்கின்றன. 3 என்னும் நிலையில் முன்மடல் அதே 22 பாகையில் நிற்க, பின்மடல் 20 பாகைக்குச் செல்கிறது. போயிங் விமானத்தில் பழகியவர் ‘3’ என்பதைக் கேட்டு மூன்று பாகை என்று கொண்டால் பெரும்பிழை ஆகிவிடும். எண்களைப் படிக்கும் முன் அவை எம்மொழி எண்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் போலும்.

ஐந்து காடிகள் இருந்தாலும் அமைப்புகள் ஆறு என்பது ஏ320 விமானத்தின் தனிச்சிறப்பு. தரையில் இருக்கும்போது கைப்பிடியை 1இல் வைத்தால் முன்மடல் 18 பாகையும் பின்மடல் 10 பாகையும் நகரும். திரையில் ‘1+எஃப்’ என்று தோன்றும். வானில் பறந்துகொண்டிருக்கும்போது 0இலிருந்து அதே 1க்குக் கொண்டுவந்தால், முன்மடல் மட்டும் நகரும். திரையில் ‘1’ மட்டும் தோன்றும். மேலெழுந்தபின் வேகம் 210 நாட் ஆனதும், விமானி கைப்பிடியைத் தொடாமலே பின்மடல் உள்ளே சென்றுவிடும். ஒரே காடி, இரண்டு பொருள்; எது நடந்தது என்பதைத் திரையே சொல்ல வேண்டும்.

அத்திரையில் முள் இல்லை. இறக்கையின் குறுக்குவெட்டுப் போன்ற சிறு உருவம் நடுவில் இருக்கும். அதன் ஒருபுறம் ‘எஸ்’ என்னும் எழுத்து முன்மடலையும், மறுபுறம் ‘எஃப்’ என்னும் எழுத்து பின்மடலையும் குறிக்கும். இருபுறமும் கீழ்நோக்கிச் சரியும் புள்ளிகள் அவை நிற்கக்கூடிய இடங்கள். மடல்கள் நகர்ந்துகொண்டிருக்கும் வரை நிலையின் எண் நீல நிறத்தில் இருக்கும். உரிய இடத்தை அடைந்ததும் பச்சையாகும். கோளாறு ஏற்பட்டால் காட்டி மஞ்சளுக்கு மாறும். மடல்கள் முழுதும் மடங்கிவிட்டால் அந்த எண் திரையிலிருந்தே மறைந்துவிடும். போயிங் 777 போன்ற பெரிய விமானங்களில், எல்லாம் மடங்கிப் பத்து நொடிகளில் மடல்காட்டியே மறைந்துபோகும். வெற்றிடத்தையும் படிக்கக் கற்றவரே விமானி.

இவ்வளவு குறிகளும் எண்களும் விளக்குகளும் இருந்தும், பார்க்க வேண்டிய கண் பாராதிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் நிகழ்ந்த விபத்து சான்று. 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், ஸ்பான்ஏர் நிறுவனத்தின் எம்.டி.-82 வகை விமானம் ஒன்று கிரான் கனாரியா தீவுக்குப் புறப்பட்டது. ஒரு வெப்பமானிக் கோளாற்றினால் ஓடுபாதை வரை சென்று திரும்பியிருந்தது, நேரம் கடந்திருந்தது. மேலெழுவதற்கு முன் மடல்கள் 11 பாகையில் இருக்க வேண்டும். அவை விரிக்கப்படவே இல்லை. புறப்படுமுன் விமானிகள் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொன்றையும் கண்ணால் கண்டு உறுதி செய்வது முறை. துணை விமானி, இருக்க வேண்டிய எண்ணைக் கூறினார். கருவியில் இருந்த எண்ணைப் பார்த்துக் கூறவில்லை. விசாரணையில் வெளிப்பட்டது இதுவே. மடல் விரியாமல் வேகம் கூட்டினால் ஒலிக்க வேண்டிய எச்சரிக்கை மணியும் அன்று ஒலிக்கவில்லை. விமானம் தரையை விட்டு எழுந்து, நிலைகொள்ளாமல் வீழ்ந்தது. 172 பேரில் 154 பேர் உயிரிழந்தனர். பதினெட்டுப் பேர் பிழைத்தனர்.

வாய்ப்பாடு ஒப்பிக்கும் மாணவர் பலகையைப் பார்ப்பதில்லை. விடை நாவிலேயே இருக்கிறது. நாள்தோறும் ஒரே எண்ணைச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாவும் அவ்வாறே. விமானிப் பயிற்சியில் ‘சொல்’ என்பதோடு ‘பார்த்துச் சொல்’ என்பதையும், கைப்பிடி, காட்டி ஆகிய இரண்டையும் பார்க்க வேண்டும் என்பதையும் வலியுறுத்துவது இதனால்தான்.

நம் நாட்டிலும் இக்குறிகள் அனைவர் பேச்சிலும் அடிபட்ட காலம் ஒன்று உண்டு. 2025ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், அகமதாபாத்திலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா நிறுவனத்தின் போயிங் 787 விமானம் மேலெழுந்த சில நொடிகளில் வீழ்ந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவரே உயிர்தப்பினார்; தரையில் இருந்தவர்கள் உட்பட 260 பேர் மாண்டனர். தொலைவிலிருந்து எடுக்கப்பட்ட காணொளிகளைப் பார்த்த பலர், மடல்களை விரிக்க விமானிகள் மறந்துவிட்டனர் என்று உறுதிபடப் பேசினர். மறுமாதம் விசாரணைக் குழுவின் முதற்கட்ட அறிக்கை வெளிவந்தது. எரிந்த சிதைவுகளுக்கிடையே கிடைத்த மடல் கைப்பிடி, 5 என்னும் காடியில் உறுதியாக அமர்ந்திருந்தது என்றும், அது மேலெழுவதற்குரிய வழக்கமான நிலையே என்றும் அவ்வறிக்கை கூறியது. மேலெழுந்தவுடன் இரு இயந்திரங்களின் எரிபொருள் விசைகளும் நிறுத்த நிலைக்கு மாறியிருந்தன என்பதையும் அது பதிவு செய்தது. 5 என்னும் நிலையில் மடல் சிறிதளவே தாழ்ந்திருக்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது மடங்கியிருப்பதாகவே தோன்றும். தீயிலும் இடம்பெயராத அந்தக் காடி, இறந்துபோன இரு விமானிகளின் மேல் சுமத்தப்பட்ட ஒரு பழியை நீக்கியது.

அருஞ்சொற்பொருள்

சாளரம் – சன்னல். காடி – பொருந்தி அமர்வதற்கென வெட்டப்பட்ட பள்ளம். முகப்பு – கருவியின் பார்வைப்பக்கம். பாகை – கோணத்தின் அளவு. வாய்ப்பாடு – மனப்பாடமாக ஒப்பிக்கும் கணக்கு. மாண்டனர் – இறந்தனர்.

சிந்தித்து விடை எழுதுக

1. போயிங் 737 விமானத்தில் கைப்பிடி 15இல் உள்ளது. இரு முட்களும் பொருந்தி 5இல் நிற்கின்றன. இதற்கு அஞ்ச வேண்டாத காரணம் ஒன்றும், அஞ்ச வேண்டிய காரணம் ஒன்றும் எழுதுக.

2. ஏ320 விமானத்தின் கைப்பிடி 1இல் உள்ளது. திரையில் ‘1’ மட்டும் தெரிந்தால் எவ்வுறுப்பு நகர்ந்துள்ளது? ‘1+எஃப்’ என்று தெரிந்தால்?

3. ‘மடல்’ என்னும் சொல் வரும் தொடர்கள் மூன்றினை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டறிந்து எழுதுக. அவற்றுள் கடிதத்தைக் குறிக்கும் தொடர் ஏதேனும் உண்டா எனக் காண்க.